இரண்டு மாநிலம், ஒரே பங்கேடு: கடலோரத் தமிழர்களுக்குக் கைகொடுத்த திருச்சபை

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் ஆரியசாலைப் பகுதி நம்மவர்களுக்குப் புதிதல்ல. பலசரக்கு, பாத்திரம், வெற்றிலை, கயிறு என்று எந்தக் கடையில் ஏறினாலும் கணக்குப் புத்தகத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தமிழ்க் குரல் கேட்கும். நவராத்திரிக்குக் குமரி மாவட்டத்திலிருந்து பவனி வரும் வேளிமலைக் குமாரசுவாமி ஆரியசாலைக் கோயிலில்தான் தங்குகிறார். காலையில் நாகர்கோவில் ரயிலில் வந்து, மாலையில் திரும்பும் வண்டியைப் பிடிக்க ஓடுகிற குமாஸ்தாக்களும் இங்கே உண்டு. மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிற சுமைத் தொழிலாளர்களும் உண்டு. வேலை ஒரு மாநிலத்தில், ரேஷன் கார்டும் ஓட்டும் மற்றொரு மாநிலத்தில் என்பது இவர்களில் பலருடைய வாழ்க்கை.

இதே வாழ்க்கையைக் கடலில் நடத்துகிற தமிழர்களும் இருக்கிறார்கள். ஆரியசாலையிலிருந்து மேற்கே நாலைந்து கிலோமீட்டர் சென்றால் வலியதுறை. அங்கிருந்து தெற்கே பூந்துறை, விழிஞ்ஞம், பூவாறு, பொழியூர் என்று கடற்கரை ஊர்கள் வரிசையாக நீளும். பொழியூருக்கு அப்பால் மாநில எல்லை. எல்லையைத் தாண்டியதும் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என எட்டு ஊர்கள். எட்டும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆனால், இவற்றின் கோயில்கள் திருவனந்தபுரம் லத்தீன் கத்தோலிக்க உயர் மறைமாவட்டத்துக்கு உட்பட்டவை. இந்த ஊர்க்காரர்களுக்குக் கலெக்டர் நாகர்கோவிலில் இருக்கிறார். பேராயரோ திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் இருக்கிறார்.

இந்தத் திருச்சபை கரையோர ஏழைகளுக்குச் செய்துள்ள பணிகள் பல. பள்ளிக்கூடம், மருந்து, வீடு, சேமிப்புச் சங்கம் எல்லாம் அவற்றில் அடங்கும். எனினும், 2017-ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு பெரும் துயரம் வந்தபோது, மிகவும் பயன்பட்டது எந்தக் கட்டிடமும் அல்ல. ஒவ்வொரு கோயிலிலும் பாதிரியாரின் அலமாரியில் இருந்த ஒரு பேரேடுதான் பயன்பட்டது. அந்த ஏடு எப்படி வந்தது, எதற்கு உதவியது என்பதை அறிந்து கொள்வது, ஊரை விட்டு வந்து பிழைக்கும் எல்லாருக்கும் நல்லது.

எல்லை பிரிந்தது, பங்கு பிரியவில்லை

இந்தக் கரையின் மக்கள் கிறிஸ்தவம் தழுவிய கதை பழையது. 1544-ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையோரமாக ஊர் ஊராகச் சென்று, ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் குறித்திருக்கிறார். அன்று முதல் கோயிலே இந்த மக்களுக்கு ஊர்ச்சாவடி, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து எல்லாமாக இருந்து வந்திருக்கிறது.

1937-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து திருவனந்தபுரம் மறைமாவட்டம் உருவாயிற்று. அப்போது எல்லாமே திருவிதாங்கூர் ராஜ்யம். தமிழ் பேசும் கரை, மலையாளம் பேசும் கரை என்ற வேற்றுமை நிர்வாகத்தில் இல்லை. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எட்டு ஊர்களும் விளவங்கோடு தாலுகாவோடு தமிழகத்துக்கு வந்தன. அரசாங்கத்தின் எல்லைக்கோடு மாறியது. மறைமாவட்டத்தின் எல்லைக்கோடு மாறவில்லை.

இதில் ஒரு விசேஷம் உண்டு. 1991 முதல் இந்த மறைமாவட்டத்தின் ஆயராகவும், 2004-ல் அது உயர் மறைமாவட்டமான பிறகு முதல் பேராயராகவும் இருந்து 2022-ல் ஓய்வு பெற்ற சூசைபாக்கியம், எல்லைக்கு இந்தப் பக்கத்து மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். கேரளத் தலைநகரின் லத்தீன் திருச்சபைக்கு முப்பது ஆண்டுகள் தலைமை தாங்கியவர் ஒரு தமிழகக் கரையோரத்துப் பிள்ளை. தூத்தூரில் இந்தத் திருச்சபை நடத்தும் புனித யூதா கல்லூரி, கடலோரப் பிள்ளைகள் பலருக்குக் குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறது.

கத்தோலிக்க முறைப்படி ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் இருக்க வேண்டும். வீடுவாரியாகக் குடும்ப ஏடும் வைப்பது வழக்கம். பிற்காலத்தில் பங்கைச் சிறு சிறு அன்பியங்களாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்து வீடுகளை ஒரு குழுவாக்கினார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் கடலுக்குப் போயிருக்கிறார், யார் நோயாகக் கிடக்கிறார் என்ற விவரம் அந்தக் குழுவுக்குத் தெரியும். சாதாரண நாளில் இதன் அருமை யாருக்கும் தெரிவதில்லை.

மரியநாட்டில் தொடங்கிய சோதனை

கரையோர மக்களின் வறுமைக்குக் காரணம் கடலில் மீன் இல்லாமை அல்ல. பிடித்த மீனுக்கு விலை வைக்கும் உரிமை பிடித்தவனிடம் இல்லை, அதுதான் காரணம். வலைக்கும் மரத்துக்கும் தரகரிடம் முன்பணம் வாங்க வேண்டும். வாங்கியவர் தம் மீனை அந்தத் தரகரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத வாரங்களில் சோற்றுக்கு மறுபடி கடன். தகப்பன் வாங்கிய கடன் மகன் தலையில் விழும்.

1960-களில் இந்த மறைமாவட்டம், குறிப்பாக ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா, இந்தச் சங்கிலியை அறுக்க ஒரு முயற்சி செய்தது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, புதுக்குறிச்சியை அடுத்த வெற்று மணற்கரையில் நிலமற்ற மீனவக் குடும்பங்களைக் குடியேற்றி ஒரு புதிய ஊர் உண்டாக்கப்பட்டது. அதற்கு மரியநாடு என்று பெயர். திருவனந்தபுரம் சமூக சேவைச் சங்கத்தின் ஊழியர்கள் அங்கேயே தங்கி வேலை செய்தார்கள். முதலில் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆரோக்கியம், மாதர் சங்கம், சிறு சேமிப்பு. பிறகு முதியோர் கல்வி. மக்களுக்கு ஒன்றாக உட்கார்ந்து பேசும் பழக்கம் வந்த பிறகுதான் மீன் விற்பனை விஷயத்துக்கு வந்தார்கள்.

அந்தக் காலத்தில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் காகிதத்தில் நிறைய இருந்தன. அவற்றில் பலவற்றை நடத்தியவர்கள் வியாபாரிகளே. மரியநாட்டு மீனவர்கள் வேறு விதமான சங்கம் கேட்டார்கள். கடலில் இறங்கித் தொழில் செய்கிறவர் மட்டுமே உறுப்பினர்; கரையில் ஏலம் போடுவது சங்கத்தின் வேலை; விற்ற பணத்தில் ஒரு சிறு பகுதி சேமிப்புக்கும் கடன் அடைப்புக்கும் பிடிக்கப்படும். தரகர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மீனவர்கள் ஒற்றுமையாக நின்றதால் 1970-ல் சங்கம் பதிவாயிற்று. உழைத்தவனின் மீனுக்கு உழைத்தவனே விலை கேட்பது அந்தக் கரையில் புது வழக்கமாக வந்தது.

மரியநாட்டின் வழியை மற்ற ஊர்களும் பின்பற்றின. பல ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஏற்பட்டது. சிஃப்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த அமைப்பின் தலைமை அலுவலகம் ஆரியசாலைக்குப் பக்கத்தில், கரமனையில் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் சங்கங்களும் இதில் உண்டு. இது மத ஸ்தாபனம் அல்ல. எம்மதத்து மீனவருக்கும் உரிய கூட்டுறவு. திருச்சபை ஊன்றிய விதை, திருச்சபையின் கையை விட்டு மக்கள் கைக்குப் போயிற்று. தொண்டு செய்கிறவர்கள் ஒரு கட்டத்தில் விலகி நிற்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மீன்காரிகளுக்குப் பஸ்

சாலைக் கடைத்தெருவுக்கும் நகரத்து வீடுகளுக்கும் மீன் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். புருஷன் கடலிலிருந்து கொண்டு வருவதைப் பணமாக்கி, உலை வைப்பது இவர்கள் கடமை. அந்தக் காலத்தில் மீன் கூடையோடு பஸ்ஸில் ஏற முயன்றால் நடத்துனர் இறக்கி விடுவார். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, நாற்றம் அடிக்கிறது என்று மற்றப் பிரயாணிகளும் முகம் சுளிப்பார்கள். ஆகவே, தலையில் சும்மாடு வைத்து, கூடை சுமந்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வெயிலில் நடந்தவர்கள் ஏராளம். மீன் கெடுவதற்குள் விற்க வேண்டும் என்பதால் ஓட்டமும் நடையுமாக வருவார்கள்.

1970-களின் இறுதியில் இந்தப் பெண்கள் கூடினார்கள். மாதர் சங்கங்களில் பேசிப் பழகியவர்கள் இப்போது தெருவில் இறங்கினார்கள். எங்களையும் பஸ்ஸில் ஏற்றுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. அதன் பலனாக 1980-களின் தொடக்கத்தில் மீன் விற்கும் பெண்களுக்குத் தனி பஸ் விட அரசு முன்வந்தது. கேட்பதற்குச் சிறிய விஷயம். ஆனால் கால் நடையில் போன நேரமும், அழுகிப்போன மீனும் மிச்சமானால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு லாபம் என்பதை நம் கடைத்தெருக் கணக்கர்கள் எளிதில் கணக்கிடுவார்கள். 2021 ஆகஸ்டில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்காகச் 'சமுத்திரா' என்ற இலவச பஸ்ஸை விட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெண்கள் போட்ட கூச்சலின் எதிரொலி அது.

கோயிலுக்குள்ளேயே எழுந்த கேள்வி

திருச்சபையின் பணி எல்லாம் ஒரே சீராக நடந்தது என்று சொல்ல முடியாது. கரையோரக் கோயில்களில் குத்தகை என்ற பழக்கம் வெகுகாலம் இருந்தது. பிடிபடும் மீனில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுக்க வேண்டும். அதை வசூலிக்கும் உரிமை ஏலம் போகும். தரகருக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு என்றால் உழைத்தவனுக்கு மிஞ்சுவது என்ன என்ற கேள்வி எழுந்தது. கேட்டவர்களில் பாதிரியார்களும் இருந்தார்கள்.

அவர்களில் முக்கியமானவர் தாமஸ் கோச்சேரி. இவர் மீனவர்களோடு வாழ்ந்து, அவர்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்கத் துணை நின்றார். அப்போது மீனவர்களுக்குப் புது ஆபத்து வந்திருந்தது. 1953-ல் நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டத்தின் வழியே வந்த விசைப்படகுகள், இழுவை வலையால் கடலடியை அரித்துக் குஞ்சு மீனையும் முட்டையையும் வாரின. கட்டுமரக்காரனுக்கு மீன் குறைந்தது. மீன் இனம் பெருகும் மழைக்காலத்தில் இழுவைப் படகுகளைத் தடுக்க வேண்டும் என்று கோரி 1981-ல் கோச்சேரி உண்ணாவிரதம் இருந்தார். 1984-ல் கோழிக்கோட்டில் ஆலீஸ் என்ற கன்னியாஸ்திரீயும் உண்ணாவிரதம் இருந்தார். துறவிகள் தெருவுக்கு வந்து கோஷம் போடுவது மேலிடத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஆயினும் 1988-ல் மழைக்கால இழுவைத் தடை வந்தது. இன்று கேரளத்தில் ஆண்டுதோறும் 52 நாள் இந்தத் தடை அமலில் இருக்கிறது. கோச்சேரிக்கு 1999-ல் நார்வே நாட்டின் சோஃபி பரிசு கிடைத்தது. நார்வே தந்த படகுகளின் தீமையை எதிர்த்தவருக்கு நார்வேயிலிருந்தே பரிசு வந்தது ஒரு வேடிக்கை.

கஞ்சி ஊற்றுவது ஒரு தொண்டு; கஞ்சிக்கு ஏன் கையேந்த வேண்டியிருக்கிறது என்று கேட்பது இன்னொரு தொண்டு. இரண்டும் ஒரே கோயில் வாசலிலிருந்து கிளம்பியதே இந்தக் கரையின் சிறப்பு.

ஒக்கி வந்த நாள்

2017 நவம்பர் 29-ஆம் தேதி வழக்கம் போல் படகுகள் கடலுக்குப் போயின. மறுநாள் 30-ஆம் தேதி குமரி முனைக்குத் தெற்கே தாழ்வு மண்டலம் புயலாக மாறியது. வங்கதேசம் சூட்டிய பெயர் ஒக்கி. அந்த மொழியில் கண் என்று பொருள். புயல் என்ற அறிவிப்பு கரைக்கு வந்து சேர்ந்தபோது பலர் கடலில் இருந்தார்கள்.

தூத்தூர் வட்டாரத்து மீனவர்களின் நிலை இன்னும் மோசம். ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர் பெற்றவர்கள் இவர்கள். கொச்சித் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு, லட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத் கடலிலும் வாரக்கணக்காகத் தங்கித் தொழில் செய்வார்கள். கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. புறப்பட்டுப் பல நாள் ஆனவர்களுக்குப் புயல் வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லக் கருவியும் இல்லை.

கரையில் தவிப்பு. எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குச் சரியான விடை அதிகாரிகளிடம் இல்லை. தமிழ்நாட்டுக்காரர் கேரளத் துறைமுகத்திலிருந்து போயிருந்தார். கேரளக்காரர் தூத்தூர்ப் படகில் வேலைக்கு ஏறியிருந்தார். வட மாநிலத்து இளைஞர்களும் படகுகளில் கூலிக்கு இருந்தார்கள். எந்த மாநிலத்துக் கணக்கில் யாரைச் சேர்ப்பது? ஒரு பட்டியலில் இருப்பவர் மற்றொன்றில் இல்லை. அரசு சொன்ன எண்ணிக்கைக்கும் கரையில் அழுகிற வீடுகளின் எண்ணிக்கைக்கும் பொருத்தமில்லை.

அப்போதுதான் பங்கேடு வெளியே வந்தது. பாதிரியார்களும் அன்பியப் பொறுப்பாளர்களும் வீடு வீடாகச் சென்று பெயர், வயது, படகின் பெயர், உடன் போனவர்கள், கடைசியாகப் பேசிய நாள் என்று குறித்தார்கள். கரை சேர்ந்தவரின் பெயரை அடித்தார்கள். லட்சத்தீவிலோ கர்நாடகத்திலோ மகாராஷ்டிரத்திலோ ஒதுங்கியவர் போன் செய்தால் அந்தப் பெயரையும் அடித்தார்கள். நாள் செல்லச் செல்ல அடிபடாமல் நின்ற பெயர்களே துயரத்தின் உண்மையான கணக்காக ஆயின. எல்லைக்கு இரு புறத்துப் பங்குகளும் ஒரே மறைமாவட்டம் ஆதலால் இரு மாநிலத்துப் பெயர்களையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க முடிந்தது.

டிசம்பர் 7-ஆம் தேதி எட்டு ஊர் மக்களும் தங்கள் பாதிரியார்களோடு குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். காணாமல் போனவர்களைத் தேடுங்கள் என்பதே கோரிக்கை. நாகர்கோவில்-திருவனந்தபுரம் மார்க்கத்தில் அன்று வண்டிகள் மணிக்கணக்காக நின்றன. வேலைக்கு வந்து திரும்ப முடியாமல் தவித்த பிரயாணிகளும் உண்டு. டிசம்பர் 11-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் ராஜ்பவனுக்கு ஊர்வலம் போயிற்று. முன்னே நடந்தவர் பேராயர் சூசைபாக்கியம். டிசம்பர் 19-ல் பிரதமர் மோடி கன்னியாகுமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் வந்து மீனவர்களைச் சந்தித்தார்.

ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமா?

கடலில் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவர் மனைவி விதவையா, இல்லையா? சட்டம் இதற்கு ஒரு கால வரையறை வைத்திருக்கிறது. ஒருவரைப் பற்றி, வழக்கமாக அவரைக் குறித்துக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஏழு ஆண்டுகள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால்தான் அவர் இறந்ததாகக் கருதலாம் என்றது 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம். 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்திலும் இதே ஏழு ஆண்டுதான்.

ஏழு ஆண்டு என்பது ஏட்டில் எழுதச் சுலபம். அதுவரை மரணச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் இல்லை, விதவைப் பென்ஷன் இல்லை, வங்கியில் உள்ள பணத்தை எடுப்பதும் கஷ்டம். படகுக்கு வாங்கிய கடனுக்கோ வட்டி நிற்காது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் காத்திருக்காது.

ஆகவே, காத்திருப்புக் காலத்தைத் தளர்த்த வேண்டும் என்ற வேண்டுகோள் வலுவாக எழுந்தது. இரு மாநில அரசுகளும் இதை ஏற்றது நல்ல காரியம். கரை ஒதுங்கிய உடல்களை மரபணுச் சோதனையால் அடையாளம் கண்டார்கள். உடல் கிடைக்காதவர்களின் குடும்பங்களையும், விசாரணைக்குப் பின், இறந்தவர் குடும்பங்களாகவே கருதி 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்கினார்கள். தூத்தூர் வட்டார ஊர்களில் மட்டும் உயிரிழந்தோர் நூற்றுக்கு மேற்பட்டவர்கள்.

விசாரணைக்கு அதிகாரி வந்தால், இன்னார் இருந்தார், இன்னாருடைய கணவர், இந்தப் பிள்ளைகளின் தகப்பன், இந்தப் படகில் போனார் என்று எடுத்துக் காட்ட ஆதாரம் வேண்டும். பங்கேடும் ஊரார் சாட்சியமும் அங்கே உதவின. எந்தப் பங்கேட்டிலும் இல்லாத வெளி மாநிலக் கூலிக்காரர்களின் கதி வேறு. படகு முதலாளிக்கு அவர்களின் கூப்பிடு பெயர் மட்டுமே தெரியும். ஊர் எது, தகப்பன் யார் என்று சொல்ல ஆள் இல்லை. இந்தத் துயரத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய பாடம் இதுவே.

வெள்ளத்தில் செய்த கைம்மாறு

ஒக்கி நடந்து ஒன்பது மாதம் கூட ஆகவில்லை. 2018 ஆகஸ்ட் நடுவில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியது. செங்ஙன்னூரிலும் பத்தனம்திட்டையிலும் மாடி வரை தண்ணீர் ஏறியது. ராணுவப் படகுகள் போக முடியாத சந்துகளில் போக ஆள் தேவைப்பட்டது. கடற்கரைக் கோயில்களில் ஒலிபெருக்கி முழங்கியது. நாட்டுப் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு மீனவர்கள் புறப்பட்டார்கள். அரசுக் கணக்குப்படி 669 படகுகளும் 4,500-க்கு மேற்பட்ட மீனவர்களும் இந்தப் பணியில் ஈடுபட்டு, சுமார் 65,000 பேரை மீட்டார்கள். நாளொன்றுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, உயிரைக் காத்ததற்குக் கூலி வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. நேற்று வரை நிவாரணம் வாங்கியவர்கள் இன்று நிவாரணம் கொடுத்தார்கள். உதவி பெறுகிறவன் எப்போதும் உதவி பெறுகிறவனாகவே இருப்பான் என்று எண்ணுவது தவறு என்று அந்த ஆகஸ்ட் மாதம் காட்டியது.

தீராத குறைகள்

புயலுக்குப் பிறகு சில காரியங்கள் நடந்தன. இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் வழியே ஆழ்கடலுக்கும் எச்சரிக்கை அனுப்பும் கருவிகள் மீனவர்களுக்குக் கொடுக்கப்பட்டன. கடலுக்குப் போகுமுன் விவரம் பதிவு செய்ய 'சாகரா' என்ற செல்போன் செயலியைக் கேரளம் கொண்டு வந்தது. பாதிரியாரின் ஏடு செய்த வேலையை இனி இயந்திரமும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. பதிவு செய்யும் பழக்கம் ஒவ்வொரு படகுக்கும் வந்தால்தான் பயன்.

கடலரிப்போ நிற்கவில்லை. வலியதுறையில் வீடிழந்த குடும்பங்கள் பல ஆண்டுகள் சிமெண்டுக் கிடங்கில் தட்டி மறைப்புக்குள் குடியிருக்க நேர்ந்தது. முட்டத்தறையில் 2018 அக்டோபரில் 192 குடும்பங்களுக்கு அடுக்கு வீடுகள் கிடைத்தன. காத்திருந்தவர்கள் அதைவிட அதிகம். 2022-ல் விழிஞ்ஞம் துறைமுகத்தின் வாசலில் திருச்சபையின் தலைமையில் மாதக்கணக்காகப் போராட்டம் நடந்ததற்கு இந்த வீட்டுப் பிரச்சினையும் ஒரு காரணம். போராட்டம் சரியா, துறைமுகம் சரியா என்பதில் நகரத்தில் இரு கருத்து உண்டு. கிடங்கில் குழந்தைகளோடு படுத்திருந்தவர்களுக்கு வீடு வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது.

நம்மவர்கள் கவனிக்க

சாலைத் தெருவில் மூட்டை தூக்குகிறவரும், கடையில் கணக்கெழுதுகிறவரும், கட்டிட வேலைக்கு வந்தவரும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் சாரத்திலிருந்து விழுவதும், லாரி மோதுவதும், காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேருவதும் யாருக்கும் நேரலாம். அப்போது கேட்கப்படும் முதல் கேள்வி, இவர் யார், யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதே. மேஸ்திரிக்குக் கூப்பிடு பெயர் மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

தூத்தூர்க் கரையில் கோயில் செய்ததை ஆரியசாலையில் தமிழ்ச் சங்கமோ, தொழிற்சங்கமோ, வியாபாரிகள் சங்கமோ, எந்த மதத்துக் கோயிலோ செய்யலாம். பெரிய பணம் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காரப் பொறுமையுள்ள ஒருவரும் போதும். பெயர், சொந்த ஊர், வீட்டாரின் போன் எண், ரத்த வகை, வேலை செய்யும் இடம், தங்கும் அறை ஆகியவற்றை எழுதி வைத்தால் பாதி உதவி முடிந்தது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஸ்ரம் பதிவும் உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாட்டு அட்டைக்குக் கேரளத்துக் கடையிலும் அரிசி வாங்க வழி உண்டு. தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர் எடுத்துச் சொல்வது கடமை.

மரியநாட்டில் சங்கம் பதிவாகி அரை நூற்றாண்டு கடந்து விட்டது. அதைத் தொடங்கியவர்களில் பலர் இன்று இல்லை. எட்டு ஊர்க் கோயில்களிலும் குடும்ப ஏடுகள் இப்போதும் எழுதப்படுகின்றன. ஒக்கியில் தகப்பனை இழந்த பிள்ளைகள் வளர்ந்து, படித்து, சிலர் வேலைக்கும் வந்து விட்டார்கள். அவர்களுடைய ஏட்டில் தகப்பனின் பெயர் அப்படியே இருக்கிறது. எதிரே, 2017 என்ற ஆண்டு.